இந்த வீட்டைச் சேராத வாத்து

ஐந்து வயதுக் குழந்தை ஒன்று, கார்ட்டூன் படத்தின் ஓரத்தில் நடந்துபோகிற ஒரு வாத்தை விரலால் காட்டி, அம்மாவின் பக்கம் திரும்பி, "இவன் இந்த வீடு இல்ல" என்று சொன்னால், அது பேச்சா, இல்லையா? லண்டனிலிருந்து திரும்பி ஏழு மாதம் ஆகிறது. இன்னும் எனக்கு விடை தெரியவில்லை. தெரிந்திருந்தால் அந்த டாக்டர் கேட்டபோது வேறு பதில் சொல்லியிருப்பேன்.

என் மகள் அபி மூன்று வயதுவரை மற்றக் குழந்தைகளைப் போல மழலை பேசினாள். பிறகு சொற்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். பசித்தால் என் கையைப் பிடித்து இழுத்துப்போய் பிஸ்கட் டப்பாவின் மேல் வைப்பாள். திருச்சியில் காதைச் சோதித்தார்கள், குறை ஒன்றும் இல்லை என்றார்கள். "சில பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும்" என்று எல்லோரும் சொன்னார்கள். லண்டனில் இருக்கும் என் அண்ணன், குழந்தைகளின் பேச்சுக்கென்றே உள்ள ஒரு டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டதாக எழுதினார். கணவருக்கு வங்கியில் விடுப்பு கிடைக்கவில்லை. நானும் அபியும் கிளம்பினோம்.

கைப்பையில் பாஸ்போர்ட்டுக்கு அடுத்தபடி பத்திரமாக வைத்திருந்தது ஒரு வீடியோ கேசட். இரண்டு வருடத்துக்கு முன் அண்ணன் அனுப்பியது. விடுமுறை நாட்களில் லண்டன் டிவியில் போட்ட பழைய அமெரிக்கக் கார்ட்டூன்களை மூன்று மணி நேரத்துக்குப் பதிவு செய்து, லேபிளில் 'அபிக்கு' என்று எழுதியிருந்தார். தவறிக்கூட யாரும் அதன் மேல் வேறெதையும் பதிவு செய்துவிடக் கூடாதென்று, கேசட்டின் முதுகில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் துண்டையும் உடைத்துவிட்டிருந்தார். அந்தத் துண்டு இல்லாவிட்டால் எந்த மெஷினும் அதில் பதிவு செய்யாது.

அந்தப் படங்கள் ஒரே கம்பெனியுடையவை இல்லை. ஒரு கம்பெனியின் படம் வட்டத்துக்குள் வட்டமாக விரிந்து தொடங்கும். ஒன்றில் முதலில் ஒரு சிங்கம் வாயைத் திறக்கும். இன்னொன்றில் பெரிய காதுள்ள எலியின் முகம் வரும். அந்த முதல் அட்டை விலகுவது அபிக்குக் கதவு திறப்பது போலத் தோன்றியிருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் "வீடு" என்பாள். நானும் மனதுக்குள் வட்ட வீடு, சிங்க வீடு, காது வீடு என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

பல மாதம் கழித்துத்தான் ஒன்றைக் கவனித்தேன். வட்ட வீட்டுப் படம் ஒன்றில் ஒரு பெரிய விருந்து நடக்கும். கூட்டத்துக்குப் பின்னால், இரண்டே நொடி, காது வீட்டைச் சேர்ந்த வெள்ளை வாத்து முதுகைக் காட்டிக்கொண்டு போகும். அபி விரலை நீட்டினாள். என் முகத்தைப் பார்த்தாள். "இவன் இந்த வீடு இல்ல." நான் ரீவைண்ட் செய்து பார்த்தேன். அவள் சொன்னது சரி. சிங்க வீட்டுப் படத்தில் ஒரு சுவரில் வட்ட வீட்டு முயலின் படம் மாட்டியிருக்கும். அதையும் காட்டினாள். மூன்று மணி நேரக் கேசட்டில் அப்படி நான்கு இடங்கள் இருந்தன. நான்கு இடத்திலும் விரல், பார்வை, அந்த ஒரு வாக்கியம். நாளில் மற்ற நேரமெல்லாம் ஒன்றும் கிடையாது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. குழந்தை நாள் முழுக்க டிவி பார்க்கிறாள் என்று சொல்வதற்கு எந்த அம்மாவுக்குத் துணிவு வரும்?

லண்டன் புறநகரான ரெய்னர்ஸ் லேனில் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பகல் இரண்டு மணி. வெளிச்சமோ மாலை ஆறு மணி போல இருந்தது. அண்ணி இட்லி வைத்திருந்தார். குளிரில் மாவு பொங்காது என்பதால், வெந்நீர் டாங்க் இருக்கும் அலமாரிக்குள் துண்டுகளுக்கு நடுவில் மாவுப் பாத்திரத்தை வைத்திருந்தார். இட்லி நன்றாகவே இருந்தது, லேசாக சோப்பு வாசனை. அபி ஒன்றைத் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினாள். ஜன்னலுக்குப் போய்ச் சிவப்பு பஸ்ஸைப் பார்த்தாள். நானும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் மாறினால் வாய் திறக்கும் என்று யாரோ விமானத்தில் சொன்னது மனதில் இருந்தது. திறக்கவில்லை.

சனிக்கிழமை அண்ணி கறிவேப்பிலை வாங்கக் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். எல்லோருக்கும் அவர் 'அண்ணை'தான். முன்பக்கம் முருங்கைக்காய், அரிசி மூட்டை, கண்ணாடிப் பெட்டியில் மீன் கட்லட். பின்பக்கம் வாடகை வீடியோ. அம்மாக்கள் சாமான் வாங்கும்வரை பிள்ளைகளை உட்கார வைக்க அங்கே ஒரு சின்ன டிவியும் ஓடியது. அதில் கார்ட்டூன். அபியை இழுப்பதற்குள் அவள் போய் நின்றுவிட்டாள்.

எங்கள் கேசட்டில் இல்லாத படம் அது. சிங்க வீட்டுப் பூனை ஒரு தெருவில் ஓடுகிறது. தெருக்கோடியில் ஒரு சினிமாக் கொட்டகை, அதன் வாசல் பலகையில் வட்ட வீட்டு முயலின் நிழல் மட்டும் தெரிகிறது.

"இவன் இந்த வீடு இல்ல."

கடைக்காரர் தராசிலிருந்து தலையைத் தூக்கினார். "என்ன சொன்னவ பிள்ளை?"

எனக்கு வேறு வழியில்லை. மெதுவாக விளக்கினேன். அவர் தராசில் இருந்த வெண்டைக்காயை அப்படியே விட்டுவிட்டு வந்தார்.

"அட கடவுளே! தங்கச்சி, நான் இந்தக் கடையில நிண்டு நிண்டு நூறு தரம் பார்த்த படம். ஒரு மாசத்துக்கு முந்தித்தான் எனக்கே அது கண்ணில பட்டது. நாங்கள் படிச்ச ஆக்கள் எண்டு சொல்லி என்ன பிரயோசனம்!"

வரிசையில் நின்ற ஓர் அம்மாள், "அண்ணை, வெண்டிக்காய் வாடுது" என்றார்.

"வாடட்டும் அக்கா, விலையைக் குறைச்சுத் தாறன்." பிறகு அபியின் பக்கத்தில் குந்திக்கொண்டார். "குஞ்சு, இந்தப் பூனை ஆர் வீடு?"

"சிங்கம்" என்றாள் அபி.

"அப்ப பலகையில நிக்கிறவர்?"

"வட்டம்."

ஒரு வெளியாள் கேட்டு, அபி பதில் சொல்லி, அவர் மறுபடி கேட்டு, அவள் மறுபடி சொன்னது அவள் பேச்சு குறைந்த பிறகு அதுதான் முதல் முறை. நானோ வரிசையில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். வெண்டைக்காய் அம்மாள் அண்ணியிடம் குனிந்து, "பிள்ளை வேற ஒண்டும் கதைக்காதோ?" என்றது காதில் விழுந்தது.

"ஏன் இந்த கம்பெனிக்காரங்க இப்படிச் செய்யறாங்க?" என்று கேட்டேன். ஏதாவது கேட்டால் அந்த நேரம் நீளும் என்று தோன்றியது.

"படம் கீறுற ஆக்கள் ஒரு கம்பெனியில சண்டை பிடிச்சுக்கொண்டு மற்றக் கம்பெனிக்குப் போவாங்களாம் தங்கச்சி. போனவன் பழைய இடத்தை நக்கலடிக்காம இருப்பானே? இவன் அவன்ர எலியை ஒரு மூலையில கீறி விடுவான். அவன் இவன்ர முயலைச் சுவரில தொங்க விடுவான். கொஞ்ச வருசத்துக்கு முந்தி ஒரு பெரிய படத்தில ரெண்டு கம்பெனியின்ர ஆக்களையும் ஒண்டாவே நிப்பாட்டினவங்கள். ஒருத்தர் ஒரு நிமிசம் கூட நிண்டா மற்றவர் கோவிப்பார் எண்டு அளந்து அளந்து விட்டவங்களாம்." அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "எங்கட ஊரில ஒரு இயக்கத்துக்காரன் மற்ற இயக்கத்தின்ர பேரைச் சொல்லவே பயம். சொன்னவன் வீட்டுக்கு வரேல்ல. இவங்களைப் பாருங்கோ, எதிரியைக் கூப்பிட்டுத் தங்கட படத்துக்குள்ள நடக்க விடுறாங்கள்."

யாரும் சிரிக்கவில்லை. வெண்டைக்காய் நிறுக்கப்பட்டது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி எல்லாவற்றையும் அண்ணனிடம் சொன்னார், சந்தோஷமாகத்தான். அண்ணன் முகம் இறுகிவிட்டது.

"சுதா, திங்கக்கிழமை டாக்டர்கிட்ட இதையெல்லாம் சொல்லி வைக்காதே."

"ஏண்ணா?"

"நாள் முழுக்க டிவி முன்னாடி உட்கார வச்சிருக்கான்னு எழுதிடுவாங்க. இங்க எது நடந்தாலும் முதல்ல அம்மாவைத்தான் கேட்பாங்க. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் வீட்டுக்கு, பிள்ளையைச் சரியா வளர்க்கறாங்களான்னு விசாரிக்கக் கவுன்சில்லேர்ந்தே ஆள் வந்துட்டாங்க."

"அவ வேற எதுவும் பேச மாட்டேங்கறாளே, அண்ணா."

"ரெண்டு நாள் இருக்குல்ல, சொல்லிக்கொடு. பேர் கேட்டா சொல்லட்டும், ஒரு ரைம் சொல்லட்டும். மத்ததை அவங்க பார்த்துப்பாங்க."

அண்ணன் கெட்டவர் இல்லை. எனக்காக எத்தனை பேரிடம் பேசி அந்த நேரத்தை வாங்கியிருந்தார்! அவர் சொன்னதில் எனக்கும் நியாயம் தெரிந்தது. பள்ளி ஆய்வாளர் வரும் நாளில் வகுப்பைத் தயார் செய்வது போல நான் அபியைத் தயார் செய்ய ஆரம்பித்தேன். நான் கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் டீச்சராக இருந்தவள். வந்தவர் முன் குழந்தையைச் சமர்த்தாக நிறுத்திக் காட்டுவதைத்தான் நாங்கள் எல்லோரும் செய்வோம். நோயைக் காட்டப் போகும் இடத்தில் நோயை மறைக்கிறோமே என்று அப்போது தோன்றவில்லை. திங்கள்வரை கார்ட்டூன் கிடையாது என்று முடிவு செய்தேன். கேசட்டைப் பெட்டியின் அடியில் புடவைக்குள் சுற்றி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணி வீட்டில் ஒரே பரபரப்பு. சென்னையில் நடந்த அவர் தம்பி கல்யாண வீடியோ முதல் நாள் வந்து சேர்ந்திருந்தது. லண்டனில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அது ஒரே ஒரு கேசட். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு நாள் முறை. அதற்குள் நகல் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். திங்கட்கிழமை காலை வெம்பிளியில் இருக்கும் சித்தி வீட்டுக்கு அது போக வேண்டும். பக்கத்து வீட்டிலிருந்து இரண்டாவது வீடியோ மெஷின் வாங்கி வந்து, ஒயரெல்லாம் இணைத்த பிறகு பார்த்தால் வெறுங்கேசட் இல்லை. பெரிய கடைகள் ஞாயிறன்று மூடியிருந்தன.

"என் தம்பி தாலி கட்டறதை நான் மறுபடி பார்க்கக் கொடுத்து வைக்கலை, விடு" என்று அண்ணி சிரிக்கப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அவர் கல்யாணத்துக்குப் போகவில்லை. எங்களுக்கு இங்கே ஏற்பாடு செய்ய வேண்டியிருந்ததால் போகவில்லை.

நான் மாடிக்குப் போனேன். புடவையைப் பிரித்தேன். மூன்று நாளாக அவர்கள் வீட்டில் சாப்பிடுகிறேன், இதைக்கூடச் செய்யக் கூடாதா என்று நினைத்தேன். இது இல்லாமல் போனால்தான் குழந்தை வேறு பேச்சுக்கு வருவாள் என்றும் நினைத்தேன். இரண்டில் எதை அதிகம் நினைத்தேன் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

"இது பழைய கார்ட்டூன்தான் அண்ணி. எடுத்துக்குங்க."

"அபியோடதாச்சே?"

"அவளுக்குப் போதும்."

முதுகில் உடைந்த இடத்தின் மேல் செல்லோடேப் ஒட்டினால் கேசட் மறுபடி பதிவுக்குத் தயாராகிவிடும். ஒட்டியது நான்தான். அழுத்தி, விரல் நகத்தால் தேய்த்து ஒட்டினேன். கடைக்கார அண்ணையின் கடை ஐந்து நிமிட நடை. ஞாயிறும் திறந்திருக்கும், வெறுங்கேசட்டும் கிடைக்கும் என்று பிறகு தெரிந்தது. நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அண்ணனுக்கு அவசர வேலை வந்துவிட, நானும் அபியும் தனியே ரயிலேறினோம். சில ரயில்கள் நடுவில் பல ஸ்டேஷன்களை விட்டுவிட்டு ஓடும் என்று அண்ணி சொல்லியிருந்தார். பதற்றத்தில் பார்க்காமல் அப்படி ஒன்றில் ஏறிவிட்டேன். நாங்கள் இறங்க வேண்டிய ஸ்டேஷன் ஜன்னலில் பளிச்சென்று வந்து போனது. நான் எழுந்து நின்று கதவைத் தட்டினேன். திருச்சியில் டவுன் பஸ்ஸில் தட்டுவது போல.

எதிரில் இருந்த கிழவர் பத்திரிகையை இறக்கி, "கவலைப்படாதீர்கள் அம்மா, எப்படியும் எங்காவது நிற்கும்" என்றார். பக்கத்தில் இருந்த பள்ளிப் பெண்கள் இருவர் சிரித்தார்கள். அபி காதைப் பொத்திக்கொண்டாள். அடுத்து நின்ற இடத்தில் இறங்கி, படியேறி, வேறு பக்கம் இறங்கித் திரும்பி வந்தோம். இருபத்தைந்து நிமிடம் தாமதம். வழியெல்லாம் அவள் காதில் ரைம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. ஷூவைக் கழற்றிவிட்டு ஸ்டாக்கிங்ஸோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். பொம்மைகளை எடுத்துவிட்டு, அபியைப் பார்க்காதது போலத் தானே விளையாடினார். அபி ஒரு காரின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் நாற்காலி நுனியில் இருந்துகொண்டு, "அபி, பேர் சொல்லு. ரைம் சொல்லு" என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். கோபமில்லாமல்தான்.

பிறகு கேள்விகள். டிவி நிறையப் பார்ப்பாளா?

"இல்லை. எப்போதாவது."

"நீங்கள் கேட்காமல், தனக்கு எதுவும் வேண்டியிராமல், 'அம்மா இதைப் பார்' என்பது போல எதையாவது உங்களுக்குக் காட்டுவாளா?"

எனக்கு வெள்ளை வாத்தின் முதுகு கண் முன் வந்தது. ஆம் என்று சொன்னால், எதைக் காட்டுவாள் என்று கேட்பார். எங்கே, எத்தனை நேரம் என்று கேட்பார். அது காட்டுவதில் சேருமா, சும்மா மனப்பாடமா என்றும் எனக்குத் தெரியவில்லை.

"இல்லை" என்றேன்.

"ஒருமுறைகூட?"

"ஒருமுறைகூட இல்லை."

அவர் எழுதினார். நிறைய நேரம் எழுதியது போல இருந்தது. ஏன் அதைக் கேட்டீர்கள் என்றேன். "வேண்டியதைக் கேட்பது வேறு. தான் பார்த்ததை இன்னொருவரும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுவது வேறு. அந்த ஆசை கொஞ்சம் இருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு நாம் மேலே ஏறலாம்" என்றார். வியாழக்கிழமை மறுபடி வரச் சொன்னார். அவளுக்குப் பிடித்தது எதுவானாலும், கிழிந்த காகிதமானாலும், கொண்டுவரச் சொன்னார்.

வராந்தாவில் நின்று அபியின் கோட்டுப் பொத்தான்களைப் போட்டேன். உள்ளே திரும்பிப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அடுத்த குடும்பம் உள்ளே போய்விட்டது. சரி, வியாழக்கிழமை கேசட்டையே கொண்டுவந்து போட்டுக் காட்டிவிடலாம், அவளே விரலை நீட்டுவாள் என்று நினைத்தேன். தெருவுக்கு வந்த பிறகுதான் நான் செய்தது நினைவுக்கு வந்தது. உருளைக்கிழங்கு வறுவல் விற்கும் கடை வாசலில் வினிகர் வாசனையில் கொஞ்ச நேரம் நின்றோம். அபி என் கையைப் பிடித்து வறுவலை நோக்கி இழுத்தாள். வேண்டியதைக் கேட்பது. வாங்கிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கேசட்டைப் போட்டேன். நாதஸ்வரம். ஊஞ்சல். மாமிகள் வரிசையாக கேமராவைப் பார்த்து முந்தானையைச் சரி செய்துகொள்கிறார்கள். வேகமாக ஓட்டிப் பார்த்தேன். கடைசியில் ஐந்து நிமிடமாவது மிச்சமிருக்கும் என்ற ஆசை. பந்தியும் ரிசப்ஷனும் மூன்று மணி நேரத்தையும் தின்றிருந்தன.

அபி லேபிளைப் பார்த்துவிட்டாள். அவள் கேசட் என்று அவளுக்குத் தெரியும். டிவி முன் உட்கார்ந்தாள். நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. முதலிலிருந்து போட்டேன். கல்யாணம் முழுவதையும் பார்த்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். திரை புள்ளி புள்ளியாக மாறிய பிறகும் கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு எழுந்து போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

அண்ணியிடம் அப்போதுதான் எல்லாம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தொட்டிருப்பேனா சுதா? எனக்குக் கல்யாணமா பெரிசு?" அண்ணன் தொலைக்காட்சி நிகழ்ச்சிப் பட்டியலை எடுத்து, பழைய கார்ட்டூன் எப்போது வருகிறது என்று பேனாவால் தேடினார். அந்த வாரம் எதுவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை கடை திறக்கும்போதே நாங்கள் வாசலில் இருந்தோம். அண்ணை ஷட்டரை ஏற்றியபடியே நான் சொன்னதைக் கேட்டார். கேட்டு முடித்ததும், வீடியோ மெஷினிலிருந்து தன் கேசட்டை எடுத்துத் துடைத்து என்னிடம் நீட்டினார். அப்புறம் நினைத்துக்கொண்டு, "இருங்கோ, முதல்ல இஞ்சயே போட்டுப் பார்ப்பம்" என்றார்.

பூனை ஓடியது. தெரு வந்தது. பலகையில் முயலின் நிழல் வந்தது. நான் அபியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை.

"குஞ்சு, இவர் ஆர் வீடு?"

பதில் இல்லை.

"மாமாவோட கோவமோ? கட்லட் தரட்டே?"

அவள் அரிசி மூட்டையின் தையல் நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவர் இன்னொருமுறை ரீவைண்ட் செய்தார். நானும் சொன்னேன். "பாரு அபி, அங்க பாரு." மூன்றாவது முறை அவரே சத்தத்தைக் குறைத்துவிட்டார்.

"விடுங்கோ தங்கச்சி. கேக்கக் கேக்க வாய் பூட்டிக்கொள்ளும். என்ர அகதி விசாரணையில நானும் இப்பிடித்தான் நிண்டனான். எல்லாம் தெரியும், ஒண்டும் வரேல்ல. அந்த வெள்ளைக்காரன் நான் பொய் சொல்லுறன் எண்டு எழுதிப்போட்டான்."

"அப்புறம் எப்படிப் பேசினீங்க?"

"எங்க கதைச்சது? வக்கீல் கதைச்சவர்."

வியாழக்கிழமை அண்ணனும் வந்தார், விடுப்பு எடுத்துக்கொண்டு. டாக்டர் ஒரு டிவியையும் மெஷினையும் அறைக்குள் தள்ளி வரச் செய்தார். நான் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். டிவி, வீடுகள், வாத்து, விரல், பொய், கல்யாணம், செல்லோடேப் எல்லாவற்றையும். என் ஆங்கிலம் தடுமாறிய இடத்தில் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டே எடுத்துக் கொடுத்தார். "நான்தான் சொல்ல வேண்டாம் என்றேன்" என்று அவராகவே சேர்த்தார்.

டாக்டர் திட்டவில்லை. கேசட்டைப் போட்டார். நாங்கள் மூன்று பெரியவர்கள், பூனை சுத்தியலால் அடிபடுவதைப் பிரார்த்தனை போலப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நிழல் வந்தது, போனது. அபி காரின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் இன்று சொல்வது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை" என்றார் டாக்டர். "ஆனால் நான் பார்த்ததைத்தான் நான் எழுத முடியும்."

ஊர் திரும்பிய ஒரு மாதத்தில் அறிக்கை வந்தது. நான்கு பக்கம். பேச்சுப் பயிற்சிக்குப் பொதுவான யோசனைகள் இருந்தன. குழந்தை தானாக எதையாவது காட்டத் தொடங்கினால் உடனே எழுதும்படி இருந்தது. இரண்டாம் பக்கத்தில், 'தாய் தரும் தகவல்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன' என்று ஒரு வரி. கணவர் அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டு, காகிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்டிருக்கலாம்.

கடைக்கார அண்ணையின் கேசட் என்னிடம்தான் இருக்கிறது. தினமும் மாலை நான்கு மணிக்குப் போடுகிறேன். அபி பக்கத்தில் உட்காருகிறாள், சில நாள் பார்க்கவும் செய்கிறாள். வேறு வீட்டுக்காரர் யாராவது வந்து போகும் இடங்களில் இப்போது நான் விரலை நீட்டுகிறேன். அவள் முகத்தைப் பார்த்து, அவள் சொல்லும் அந்த வாக்கியத்தை நானே சொல்கிறேன். ஏழு மாதமாகச் சொல்கிறேன். ஒரு நாள் என் விரலைத் தொட்டாள். காட்டத்தான் தொட்டாளா, தள்ளத்தான் தொட்டாளா என்று தெரியவில்லை. லண்டனுக்கு எழுதலாமா என்று யோசித்து எழுதாமல் விட்டேன். என் வார்த்தையை இனி யார் நம்புவார்கள்?

"நீயே எல்லாத்தையும் சொல்லிட்டா அவ எதுக்கு வாயைத் திறக்கணும்?" என்கிறார் கணவர். அவர் சொல்வது சரியாக இருக்கலாம். அவளிடம் இருந்ததே ஒரு வாக்கியம். அதை முதலில் அழித்தேன். இப்போது சொல்லிச் சொல்லி என்னுடையதாக்கிக்கொள்கிறேனோ என்று பயமாக இருக்கிறது. சொல்லாமல் இருந்தாலோ, அந்த அறையில் யாருமே பேசுவதில்லை.

இதைப் படிப்பவர்களில் இப்படி ஒரு குழந்தையை வளர்த்தவர்கள் இருக்கலாம். பேச்சு வராத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியைகள் இருக்கலாம். உங்களிடம் கேட்கிறேன். நான் தொடர்ந்து காட்டிக்கொண்டும் சொல்லிக்கொண்டும் இருக்கலாமா? விரலை மடக்கிக்கொண்டு அவளுக்காகக் காத்திருக்க வேண்டுமா? காத்திருப்பதென்றால் எத்தனை நாள்? பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள், அவர்கள் எனக்கு அனுப்பிவைப்பார்கள். ஆறுதல் வேண்டாம். நீங்கள் செய்து பார்த்து, பலிக்காமல் போனதாக இருந்தாலும் அதையும் எழுதுங்கள்.